எர்த் கம்பி

மூன்றாவது ஃப்ளாப்பியை வெளியே இழுத்தபோது அதன் ஓரம் ஈரமாக இருந்தது.

சௌந்திரம் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஈரம் மட்டுமல்ல, சாம்பல் நிறத்தில் மாவு போல ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் நறநறத்தது. கருங்கல் தூள். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் நிற்கிற வளாகத்தில் கருங்கல் தூளுக்கா பஞ்சம்? வாசலில் கழற்றிப் போட்ட செருப்பில்கூட இதற்குள் ஒரு படலம் ஏறியிருக்கும். ஆனால் இந்த ஃப்ளாப்பியைச் சேலத்திலிருந்து பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்து, கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் கையாலேயே உறையிலிருந்து எடுத்து உள்ளே தள்ளினாள். உலர்ந்தபடி உள்ளே போனது நனைந்து வெளியே வந்திருக்கிறது.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது. ஃபைல் திறந்திருக்கிறது, வேறொருவர் உபயோகத்தில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

வேறொருவராம்! திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், இந்த 1987-ஆம் வருஷத்தில், அவளுக்குத் தெரிந்து இருந்ததே இந்த ஒரு கம்ப்யூட்டர்தான். அதன் முன்னால் உட்கார்ந்திருந்ததும் அவள் ஒருத்திதான்.

பழைய குடோனின் ஒரு மூலையைப் பிளைவுட்டும் கண்ணாடியும் வைத்துத் தடுத்து, ஏ.சி. மாட்டி, அதற்குக் கம்ப்யூட்டர் ரூம் என்று பெயர் வைத்திருந்தார்கள். செருப்பு வெளியே. மானிட்டரின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும், மேலே ஒரு முழம் மல்லிகை. வெளியே சித்திரை வெயில் தகரக் கூரையைப் பொரித்துக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் குளிர். அது ஏ.சி. குளிராகத் தெரியவில்லை. ஏ.சி. குளிர் மேலிருந்து வரும். இது வெறுங்காலின் வழியாக ஏறியது, சிமெண்டுத் தரைக்கு அடியில் யாரோ ஈரத்துணியை விரித்து வைத்திருப்பது மாதிரி. டீசல், கிரீஸ், வாடுகிற மல்லிகை, இவை எல்லாவற்றுக்கும் கீழே கிணறு தூர்வாரும்போது கிளம்புகிற பழைய சேற்று வாடை. இந்த இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. காலையில் கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே பிடிக்கவில்லை.

முதலாளி தீர்த்தகிரி பதினோரு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் போர் போட்டவர். எந்த ஊரில், யார் காட்டில், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் பதினாலு நோட்டுகளில் கிடந்தது. ஊர்ப் பெயரைத் தட்டினால் ஆழம் திரையில் வர வேண்டும், பக்கத்துக் காட்டுக்காரன் வந்து நிற்கும்போது ‘உனக்கு இருநூற்று எண்பதில் தண்ணி’ என்று சாமியாடி மாதிரி சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த டேட்டாபேஸ். ஆசை நியாயமானதுதான். ஆனால் ஐந்து ஃப்ளாப்பியில் இருக்கிற சாஃப்ட்வேர் இந்த மெஷினில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அவளுக்கு முன்னால் சேலம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து தோற்றுப்போயிருந்தார்கள். முதலில் வந்தவர் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தார். அடுத்து வந்த கண்ணுசாமிக்குப் பத்து வருஷ அனுபவம். ‘மெஷின் சரியில்லை’ என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் லீவில் இருக்கிறார். மூன்றாவதாக அனுப்ப ஆளில்லாமல்தான் ஆறு மாத டிரெய்னியான சௌந்திரத்தை அனுப்பினார்கள். வேலை முடிந்தது என்று முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வந்தால் வேலை நிரந்தரம். வாங்காவிட்டால் ஆட்டையாம்பட்டிக்குத் திரும்பி, ஆவணியில் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். மாமனுக்கு நாற்பது வயது, குடி வேறு. அப்பா போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கையெழுத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது திரையிலிருந்த அந்த ஒரு வரி.

“இன்னிக்கு வியாழக்கெழம. ஒண்ணரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மொத போரு உள்ள ஏறோணும். இல்லாட்டிப் பொட்டியக் கட்டிக்கிட்டுக் கெளம்பு அம்மிணி. பொட்டப்புள்ளையப் போயி அனுப்பியிருக்கானுங்க பாரு.” காலையில் தீர்த்தகிரி கொடுத்த வரவேற்பு இது. சுற்றி நின்ற ரிக் ஆட்கள் சிரித்தார்கள். தண்ணீர் வேண்டுமா என்று ஒருவர் கேட்கவில்லை.

இப்போது மணி பத்தே முக்கால்.

அவள் முறைப்படிதான் போனாள். பயந்தால் படித்தது மறந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஃப்ளாப்பி டிரைவின் உட்புறத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். பஞ்சு சாம்பலாக வந்தது. மெஷின் துவங்கும்போது படிக்கிற ஃபைலைத் திறந்து, ஒரே சமயத்தில் எத்தனை ஃபைல்கள் திறக்கலாம் என்ற எண்ணைக் கூட்டினாள். ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்தாள், கரண்ட் சரியாக இருந்தது. அதுவரை ஏறியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. டிரைவ் கரகரவென்று ஓடியது. அந்தக் கரகரப்புக்குள் இன்னொரு சத்தம், கல்லில் ஏதோ உரசுகிற சத்தம், அரைக் கணம் பிந்தி வந்தது. டிரைவ் நின்ற பிறகும் அது ஒரு தரம் உரசிவிட்டுத்தான் நின்றது.

நாலாவது ஏறியது. ஐந்தாவதும் ஏறியது. ஐந்தாவது அவளே சேலத்தில் தயார் செய்தது, போர் விவரங்களுக்கான வெற்று அட்டவணை. வரிசை எண், ஊர், உரிமையாளர், ஆழம், தண்ணீர் என்று ஐந்து கட்டங்கள், உள்ளே ஒன்றுமே கிடையாது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அட்டவணையைத் திறந்தாள்.

உள்ளே ஒன்று இருந்தது.

வரிசை எண் 1. ஊர் காலி. உரிமையாளர் காலி. ஆழம் 310. தண்ணீர் இல்லை.

சேலத்தில் சோதனைக்கு எதையாவது தட்டிவிட்டு அழிக்க மறந்திருப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை அழிக்கப் பார்த்தாள். மெஷின் மறுத்தது. வேறொருவர் உபயோகத்தில் இருக்கிறது. அட்டவணையை மூடினாள். திறந்தாள்.

ஆழம் 272.

அவள் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் எண்ணைத் தப்பாகப் படிக்கலாம், பாழடைந்த டிஸ்கில் எழுத்து எகிறலாம், அதற்கெல்லாம் புத்தகத்தில் காரணம் உண்டு. ஆனால் தப்பாகப் படிக்கிற மெஷின் குப்பையாகக் கக்கும். இப்படிச் சுத்தமாக, வயலில் நடந்து வருகிற ஆள் மாதிரி, முப்பத்தெட்டு அடி கிட்டே வராது.

“என்ன, ஆச்சா?”

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தீர்த்தகிரி வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் புலிநகம், செண்ட் வாடை. அவள் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது எப்படி வந்துச்சு?”

“தெரியலீங்க. நான் போடலீங்க. அதுவா வந்துருக்குது.”

“ஒண்ணாம் நம்பர் வேண்டாம். ரெண்டுல இருந்து போடு.”

“ஒண்ணு அழியாம ரெண்டு ஏற மாட்டீங்குதுங்க. ஏனுங்க, உங்க மொத போரு எதுங்க? நோட்டைப் பாத்து...”

“நோட்டுல என்ன இருக்குதோ அதைப் போடு. கேள்வி கேக்கறதுக்கா உன்னையக் கூப்புட்டேன்?” அவர் குரல் உயரவில்லை. உயராததுதான் பயமாக இருந்தது. போகும்போது கதவை அறைந்ததில் தடுப்புக் கண்ணாடி முழுக்க அதிர்ந்து அடங்கியது.

அவர் தலை மறைந்ததும் சௌந்திரம் முதல் நோட்டை எடுத்தாள். 1976 என்று அட்டையில் எழுதியிருந்தது. முதல் பக்கத்தை மைதாப் பசை தடவி அட்டையோடு ஒட்டியிருந்தார்கள். பசை பழுத்துப் பழுப்பாகியிருந்தது, கரப்பான் அரித்த ஓட்டைகள். பதிவு இரண்டிலிருந்து தொடங்கியது. பசை விட்டிருந்த ஓரத்தைப் பிரித்து, அந்தப் பக்கத்தை ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கினாள். மை மங்கலாக, இடம் வலம் மாறி ஊடுருவித் தெரிந்தது. எழுத்துகள் புரியவில்லை. எண் புரிந்தது.

முந்நூற்றுப் பத்து.

இந்த நோட்டை அவள் இதற்குமுன் திறந்ததில்லை. சேலத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. எழுந்து போய்விடலாம் என்று மனதார நினைத்தாள். கூடவே மாமனின் சிவந்த கண்ணும் நினைவுக்கு வந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதினொன்றரைக்கு டீ வந்தது. கொண்டுவந்தவள் ஆராயி, வளாகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள், நாற்பது வயதிருக்கும். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவள் சௌந்திரத்தைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தாள்.

“எத்தனை அடிங்க சாமி?”

“என்னக்கா?”

எழுத்துத் தெரியாதவள்தான், ஆனால் பதினோரு வருஷமாக அடிக்கணக்கையே கேட்டு வாழ்ந்தவளுக்கு எண் தெரியாமலா போகும்? தானே வாசித்துக்கொண்டாள். “இருநூத்தி முப்பத்தொண்ணு.” முகம் மலர்ந்தது. “காத்தால இருந்ததுக்கு இப்ப வெரசலா வாரான்.”

சொல்லிவிட்டுத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். சௌந்திரம் டீயைத் தொடவில்லை. எண் 272-லிருந்து 231 ஆனது எப்போது என்று அவளுக்குத் தெரியாது. அவள் எதையும் மூடித் திறந்திருக்கவில்லை.

புத்தகத்தில் கடைசியாக ஒரு காரணம் மிச்சமிருந்தது. எர்த் சரியில்லாவிட்டால் மெஷின் பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். பேய் என்ற வார்த்தை புத்தகத்தில் இல்லை, கண்ணுசாமி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தாள். மெஷினின் முதுகில், தனியாக ஒரு திருகில், தடித்த இரும்புக் கம்பி ஒன்று முறுக்கிக் கட்டியிருந்தது. அது சன்னல் வழியாக வெளியே போயிற்று. மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் நியூட்ரலிலும் இன்னொன்றைக் கம்பியிலும் வைத்தாள். முள் இரண்டு வோல்ட்டைத் தாண்டாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

முள் நிற்கவில்லை. எழுந்தது, விழுந்தது. எழுந்தது, விழுந்தது. ஒழுங்காக, விடாமல். கைக்கடிகாரம் கட்டிய கையை மீட்டருக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினாள். நிமிடத்துக்கு நூற்றுப் பத்து. அவளுடைய அத்தை நர்ஸ். நாடி நூற்றுப் பத்து எந்த வயதுக் குழந்தைக்குத் துடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எலெக்ட்ரீஷியன் காளியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது அவனுக்கு. அந்த இடத்தில் முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆண்பிள்ளை.

“எர்த் குழி எங்கண்ணா எடுத்தீங்க?”

“குழி எதுக்குங்க அம்மிணி எடுக்கோணும்?” காளியப்பன் பெருமையாகச் சிரித்தான். “உப்பும் கரியும் போட்டு ஆறடிக்கு எடுக்கச் சொல்லி உங்க கம்பெனில எழுதியிருந்தாங்க. இங்க பூராப் பாறைங்க, கடப்பாரை எறங்காது. நாம போர்க் கம்பெனிங்க, ஏற்கெனவே ஓட்டை இருக்கறப்பப் புதுசா எதுக்குன்னு கேட்டேன். அதா, அந்தக் கல்லுக்கு அடியில ஒரு வறண்ட போரு. ரிக்கு வின்ச்சுல கல்லைச் சித்தே சாய்ச்சு, எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பிய ஒரே சுருளா உள்ள இறக்கிட்டனுங்க. இதவிட எர்த்து எங்கீங்க கெடைக்கும்?”

“முதலாளிக்குத் தெரியுமா?”

“அவரு பீகாருல இருந்தாருங்க அப்ப. பாஞ்சு நாளுல ரூமு ரெடியாகோணும்னாரு, பண்ணிட்டேன்.”

“அடி வரைக்கும் போச்சா கம்பி?”

“போச்சுங்க. மெத்துனு ஒண்ணுல முட்டுச்சு. சேறாட்ட இருக்குதுன்னு நெனச்சு உட்டுட்டேன்.”

“அப்பறம் எதுக்குண்ணா இத்தனை இறுக்கமா இழுத்துக் கட்டுனீங்க?”

காளியப்பன் சன்னல் பக்கம் திரும்பினான். அவன் சிரிப்பு மெதுவாகக் கழன்றது. “இறுக்கலீங்களே,” என்றான். “தொளதொளன்னுதானுங்க உட்டேன்.”

சன்னலிலிருந்து வளாகத்தின் மூலை வரை, இருபத்தைந்து தப்படி தூரத்துக்கு, கம்பி நூல் பிடித்த மாதிரி விறைத்து நின்றது. வெயிலில் அதன் நிழல் தூசியில் ஒரு கோடாக விழுந்திருந்தது. கோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

மணி பன்னிரண்டரை. சௌந்திரம் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பியை ஒட்டியே நடந்தாள். ரிக் வண்டிகளின் இரும்பு வெயிலில் காய்ந்து முகத்தில் அனல் அடித்தது. ஆட்கள் நிழலில் படுத்திருந்தார்கள். ஒருவன் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தான், மற்றவனை இடித்து எழுப்பினான். கம்பியிலிருந்து மெல்லிய ரீங்காரம் வந்தது. அவள் அதைத் தொடவில்லை. தொடக் கூடாது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது.

மூலையில் இடுப்புயரக் கருங்கல். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, கருப்பு என்று பேர் சொல்லி, ஒவ்வொரு ரிக்கும் கிளம்பும்போது தேங்காய் உடைக்கிற கல். அது இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அடியில் ஒரு கை நுழையும்படி கறுப்பாக ஒரு சந்து. அதன் பக்கத்தில் ஆராயி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிக்கடைப் பை ஒன்று. சேற்று வாடை இங்கிருந்துதான் வந்தது.

“யாருக்கா வாரது?” என்று கேட்டாள் சௌந்திரம். கேட்கும்போதே பதில் வேண்டாம் என்றிருந்தது.

“எம்பையன் சின்னுசாமிங்க. மூணு வயசு.” ஆராயி சாதாரணமாகத்தான் சொன்னாள். “மொத ரிக்கு வாங்குனப்ப ஓட்டிப் பாக்கறதுக்குப் போட்ட போருங்க இது. தண்ணி வல்ல, மூடாம உட்டுட்டாங்க. வெளையாடிக்கிட்டு இருந்தவன் உள்ள போயிட்டான். ரெண்டு நாளு உள்ள இருந்து கூப்புட்டான் சாமி. கவுறு போடும்மா, கவுறு போடும்மான்னு. போலீசு வந்தா ரிக்கு போயிரும்னு மூணாம் நாளு கல்லத் தூக்கி மேல வெச்சு மஞ்சளப் பூசிட்டாரு. தேருக் கூட்டத்துல தொலைஞ்சு போச்சுன்னு ஊருக்குச் சொல்லிட்டாங்க. நான் நெசத்தச் சொன்னேன், புத்தி சொகமில்லைன்னுட்டாங்க.”

“இங்கயே எப்படிக்கா இருக்கீங்க?”

“உட்டுப்போட்டுப் போக முடியுங்களா? இன்னும் கூப்புட்டுக்கிட்டுத்தான இருக்கறான்.” பையைத் தடவினாள். “தீவாளிக்குத் தீவாளி சட்டை எடுத்துருவேன். வருசா வருசம் பெரிசா எடுக்கோணுமில்ல. இது பதினாலு வயசுச் சட்டை.” பிறகு சட்டென்று சௌந்திரத்தின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை காய்த்துச் சொரசொரத்தது. “பதினோரு வருசமாக் கேட்ட கவுறு சாமி. அந்தக் காளியப்பன் மவராசன் தெரியாத்தனமா உட்டிருக்கான். அதெ மட்டும் கழட்டிராதீங்க. முன்ன வந்தவிய ரெண்டு பேரும் கழட்டப் பாத்தாங்க, முடியாம ஓடிட்டாங்க. நீங்க பொம்பளை. உங்க காலப் புடிச்சுக்கறேன்.”

சௌந்திரம் கையை விடுவித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பாவமாக இருந்தது, அழுகை வந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

ரூமில் தீர்த்தகிரி அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் 118. செண்ட் வாடையை மீறி வியர்வை நாறியது.

“கம்பிய எங்க உட்டானோ அதெல்லாம் காளியப்பன் சொல்லிட்டான். கழட்டுனா இது ஏறுமா, ஏறாதா?”

“ஏறும்னு நெனைக்கறனுங்க.”

“கழட்டு.”

“நீங்களே...”

“நான் தொட மாட்டேன்.” முதல் முறையாக அவர் கண்ணைத் தாழ்த்தினார். உடனே அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. சேலம் கம்பெனியின் தாளை எடுத்து மேசையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். “ஒண்ணரைக்குள்ள ஏறுச்சுன்னா கையெழுத்து. இல்லாட்டி நீ இங்க வந்து பைத்தியக்காரியோட சேந்து புரளி கெளப்புனேன்னு உன்ற கம்பெனிக்கு எழுதுவேன். அப்பறம் எவன் உனக்கு வேலை தாரான்னு பாக்கறேன்.”

மணி ஒன்று ஐந்து. 64.

எர்த் ஃபால்ட், என்று சொல்லிக்கொண்டாள். தப்பான எர்த். கழற்ற வேண்டியது முறை. புத்தகத்தில் இருக்கிறது. ஸ்பானரை எடுத்து மெஷினின் முதுகுப்பக்கம் மண்டியிட்டாள். திருகு அசையவில்லை. அவ்வளவு பாரம் அதில் தொங்கியது. இரண்டு கையாலும் அழுத்தினாள். கால் சுற்று. அரைச் சுற்று. கம்பி நடுங்கியது, பல் கூசியது.

கழன்றது.

கழன்ற வேகத்தில் கம்பி சன்னலை நோக்கிப் பாய்ந்தது, அவள் கை தானாக அதைப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகுதான் பாரம் தெரிந்தது. கிணற்றில் நிறைகுடம் தொங்குகிற பாரம். இல்லை, அதைவிட. ஒரு மூன்று வயதுக் குழந்தையின் பாரமில்லை அது.

மறுமுனை அசையாமல் நின்றது. பிறகு சுண்டியது. ஒரு தரம். இன்னொரு தரம். மெதுவாக. யார் மேலே இருக்கிறது என்று கேட்பது போல.

“உடு!” என்றார் தீர்த்தகிரி.

விட்டாள்.

கம்பி சன்னலைத் தாண்டித் தூசியில் சீறிக்கொண்டு போயிற்று. வெளியே ஆராயி அலறினாள். வார்த்தையில்லாத அலறல். பிறகு அதுவும் நின்றது.

குளிர் குறைந்தது. காலுக்கடியில் சிமெண்டு வெறும் சிமெண்டாக இருந்தது. ஐந்து ஃப்ளாப்பியும் ஒரு தடங்கலில்லாமல் ஏறியது. அட்டவணை காலி. எடப்பாடிப் பக்கத்துப் போர் ஒன்றை அவள் தட்ட, தீர்த்தகிரி சாமி கும்பிட்டுவிட்டு ஒற்றை விரலால் பட்டனை அழுத்தினார். ஒன்று இருபத்திரண்டு. கையெழுத்துப் போட்டார். நீல மை, வளைவான எழுத்து. அவள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் சன்னல் பக்கம் அவள் திரும்பவில்லை.

மெஷினை அணைக்கக் குனிந்தாள்.

திரையில் இரண்டு வரிகள் இருந்தன. எடப்பாடி இரண்டாவதாக நின்றது. அதற்கு மேலே, ஒன்று. ஊர் காலி. உரிமையாளர் காலி.

ஆழம் 9.

சேற்று வாடை. கல்லில் உரசல்.

7.

சன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பியின் முனை குழிக்குள் போவதற்குள் ஆராயி அதன் மேல் விழுந்து பிடித்திருக்க வேண்டும். கல்லுக்குக் காலை முட்டுக்கொடுத்து, கைக்குக் கை மாற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கம்பி சுருள் சுருளாகக் குவிந்திருந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் முழங்கை வரை ஒழுகியது. ரிக் ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவனும் கிட்டே போகவில்லை. காளியப்பன் கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

4.

ஆராயி இழுப்பதை நிறுத்தினாள். இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

கம்பி வந்துகொண்டே இருந்தது. யாரும் இழுக்கவில்லை. வந்து வந்து குவிந்தது.

0.

கல்லுக்கடியிலிருந்து விரல்கள் வந்தன. வெயிலே படாத வெளுப்பு, மேலே சாம்பல் பூசினாற்போலக் கல்தூள். விரல்களுக்குப் பின்னால் உள்ளங்கை. பின்னால் மணிக்கட்டு. பின்னால் கை. ஆறு அங்குலக் குழாய்க்குள் பதினோரு வருஷம் வளர்ந்த கை. அதற்கு அகலத்தில் வளர இடமில்லை.

அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஆராயி அதை வாரி எடுத்து மடியில் போட்டுத் தடவினாள். அது மடியில் நிற்கவில்லை, வழுக்கி இறங்கியது. அம்மாவைத் தேடி வந்ததாகத் தெரியவில்லை. தரையைத் தடவியது. தூசியில் கம்பி இழுபட்டுப் போன கோடு இருந்தது. விரல்கள் அதைக் கண்டுபிடித்தன. கோட்டைப் பிடித்துக்கொண்டு சன்னலை நோக்கி வரத் தொடங்கின.

“பாருங்க சாமி,” ஆராயி இங்கே பார்த்துக் கூவினாள். குரல் முழுக்கப் பூரிப்பு. “எம்புட்டு வளந்துட்டான்!”

பின்னால் பேனா கீழே விழுந்தது. தீர்த்தகிரி கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டிருந்தார். கதவு உள்பக்கம் இழுக்க வேண்டியது. அவர் வெளியே தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார்.

சௌந்திரத்துக்குக் கால் எழவில்லை. சிமெண்டு மறுபடி சில்லிட்டிருந்தது.

பத்துத் தப்படி. ஐந்து. சன்னல் விளிம்பில் விரல்கள் ஏறின. ஒவ்வொன்றாக. மேசையைத் தடவின. மெஷினின் முதுகைத் தடவின. திருகு இருந்த இடத்தில் நின்றன. அங்கே கம்பி இல்லை. சிறிது நேரம் யோசித்தன.

பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. ஈரம். நறநறப்பு. இரண்டு தரம் சுண்டின. மெதுவாக.

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெயிலில், தூசியின் மேல், இருபத்தைந்து தப்படி நீளத்துக்கு அது கிடந்தது. மூலையில் கல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. சந்துக்குள்ளிருந்து கை வந்துகொண்டே இருந்தது.

முழங்கை இன்னும் வெளியே வரவில்லை.